வண்டி கிளம்பும்போது நான் நின்ற இடம்

நாமக்கல்லில் நான் வேலை பார்த்த லாரி ஆபீசுக்குப் பின்னால் ஒரு ரூம் இருந்தது. தார்ப்பாய், வடக்கயிறு, ஜாக்கி, கிழிந்த டியூப் எல்லாம் அதில்தான் கிடக்கும். ஜன்னல் கிடையாது. ஆபீசிலிருந்து ஒவ்வொரு லாரி கிளம்பும்போதும் நான் எழுந்து போய் அந்த ரூமுக்குள் நின்றுகொள்ள வேண்டும். வண்டி ரோட்டில் ஏறி, முக்குத் திரும்பி, சத்தம் அடங்கிய பிறகுதான் வெளியே வரலாம். என் வீட்டுக்காரர் செத்துப்போனதுதான் நான் செய்த குற்றம்.

அவர் அதே ஆபீசில் டிரைவராக இருந்தவர். எழுபதுகளின் நடுவில் தொப்பூர்க் கணவாயில் வண்டி கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டார். என் மகளுக்கு அப்போது நடை பழகுகிற வயசு. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவள். எங்கள் பக்கம் பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் படிக்க வைத்ததையே பெரிய சங்கதியாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று எவரும் யோசித்ததில்லை. முதலாளி துக்கம் கேட்க வந்தபோது நானே வாயைத் திறந்து கேட்டேன். "ஏனுங்க, உங்க ஆபீசுல எழுத்து வேல எதாச்சும் இருந்தா எனக்குக் குடுங்க." எழவுக்கு வந்திருந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அழுதுகொண்டிருக்க வேண்டியவள் வேலை கேட்கிறாளே என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி, காரியம் முடிந்ததும் வரச் சொன்னார்.

எந்த வண்டி எங்கே போகிறது என்று எழுதுவது, லோடு கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது, டிரங்க் கால் எடுப்பது, இதெல்லாம் என் வேலை. இன்னொன்றும் உண்டு. வண்டிகளின் பர்மிட், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் ஆபீஸ் பீரோவில் பூட்டியிருக்கும். வண்டி கிளம்பும்போது அந்த வண்டியின் காகிதங்களை ஒரு ரெக்சின் பையில் போட்டு டிரைவரிடம் சேர்க்க வேண்டும். வண்டி திரும்பினதும் வாங்கி மறுபடி பூட்ட வேண்டும். முதலாளி ஏற்படுத்தின முறை அது.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஊர் லாரிக்காரர்களுக்கு வண்டி கிளம்புவது என்பது சாமி கும்பிடுவது மாதிரி. கற்பூரம் கொளுத்தி, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வலது காலை முதலில் வைத்து ஏறி, பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர வேண்டும். அந்த நேரத்தில் எதிரே தாலியறுத்தவள் முகம் பட்டுவிடக் கூடாது. அதுவும் லாரியிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள் முகம். ஆக, நான் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் பின் ரூமுக்குப் போய்விடுவேன். நான் போனதைப் பார்த்துக்கொண்டு டிரைவர் உள்ளே வந்து பையை எடுத்துப் போவார்.

இதை முதல்நாள் என்னிடம் சொன்னவர் எங்கள் ஆபீசின் பெரிய டிரைவர். என் வீட்டுக்காரரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன். "அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டி கெளம்பறப்ப சித்தெ அக்கட்டால போயிருங்க" என்றார். வைதிருந்தால் நானும் திருப்பி நாலு வைதிருப்பேன். 'அம்மிணி' போட்டு, 'ங்க' போட்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பவ்வியமாகச் சொல்கிறவரை என்னத்தை வைவது? மரியாதையாகவே மிதித்தார்கள். அன்றைக்கு அவர் சொன்ன அந்தப் பக்கம், அக்கட்டால, போனவள்தான், அதற்கப்புறம் தினமும் போனேன்.

சும்மா போய் நிற்கிற ஜென்மமா நான்? வடக்கயிற்றில் ஒரு நாரைப் பிய்த்து மூக்கில் விட்டால் தும்மல் வரும் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன். ஒத்தத் தும்மல் கேட்டால் கிளம்பின வண்டியும் நின்றுவிடும். இரண்டாவது தும்மல் வந்தால் தோஷம் போய்விடுமாம்; மூக்கை இறுக்கிப் பிடித்து அதை வரவே விட மாட்டேன். டிரைவர் என்ஜினை அணைத்து, இறங்கி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, மறுபடி கற்பூரம் தேட வேண்டும். "தார்ப்பாய்த் தூசி ஒத்துக்கலீங்க" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான், பொய் சொல்லவில்லை.

தும்மியும் என்ன, ரூமில் நிற்பது நிற்கவில்லை. இதற்கிடையில் முதலாளியின் மச்சினன் என் நாற்காலிமேல் கண் வைத்துவிட்டான். அவனுக்கு வேண்டிய ஆள் ஒருத்தனை அங்கே உட்கார வைக்க வேண்டும். எந்த வண்டி பஞ்சரானாலும், எந்த லோடு தட்டிப்போனாலும், "ஆபீசுல அப்படி ஒரு ஆள வெச்சிருந்தா என்னாகும்?" என்று டிரைவர்கள் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். ஓதி ஓதி அவர்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஆயுத பூசை வரைக்கும் இரு சாமி. அதுக்கப்பறம் உன்னைய வேற எங்காச்சும் பாத்து வெச்சுடறேன். நானென்ன பண்ணட்டும், வண்டி ஓட்டறவங்க மனசு சங்கடப்படுது."

வேற எங்காச்சும் என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். அண்ணன் தோட்டம்தான். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டு, அண்ணி முகம் பார்த்துச் சோறு தின்று, என் மகளையும் அந்த முகத்தைப் பார்த்தே வளர்க்க வேண்டும். அந்த நாற்காலி போனால் நானும் என் பிள்ளையும் போனோம். வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம்தான் வந்தது. பூசைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தேன். எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

அது தானாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை. சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு மில்லில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய் போகிற வண்டி ஆபீஸ் வாசலில் நின்றது. பெரிய டிரைவர்தான் போகிறார். ராகு காலம் பிறப்பதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று அரக்கப் பரக்க கற்பூரம் கொளுத்தினார். நான் பையை மேசைமேல் வைத்துவிட்டு ரூமுக்குப் போனேன். அன்றைக்குத் தும்மக்கூட இல்லை, மனசு சரியில்லை. என்ஜின் சத்தம் கேட்டது, வண்டி நகர்கிற சத்தமும் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் பை மேசைமேல் அப்படியே இருக்கிறது.

பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். வண்டி அப்போதுதான் ஏறியிருந்தது, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "நிறுத்துங்க, பை, பை" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அவர் பக்கத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்த்தது எனக்கே தெரிந்தது. கண்ணாடி நிறைய வெள்ளைச் சேலை, தலைவிரி கோலமாக, பின்னால் ஓடி வருகிறது. மனுஷன் என்ன செய்தார் என்கிறீர்கள்? ஆக்சிலேட்டரை மிதித்தார். நான் வேகமாக ஓட ஓட அவர் இன்னும் மிதித்தார். கையை வெளியே நீட்டி அக்கட்டால போ, அக்கட்டால போ என்று விசிறினார். எதிர்ச் சாரி டீக்கடையில் அத்தனை பேரும் கிளாசைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புழுதியில் நின்று, இருமி இருமி, என் ஆயுசில் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னேன். முதலாளி அன்றைக்கு வெளியூர்; பையைப் பீரோவில் பூட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை டிரங்க் கால். ஓசூர்ப் பக்கம் செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள், பர்மிட் இல்லாமல் ஓர் அடி நகர விடமாட்டார்களாம். முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார். மச்சினன் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டான். "பையவே குடுக்கலையாமா. இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்றான். நான் பையைத் தூக்கி முதலாளிக்கு முன்னால் வைத்தேன். "குடுக்கறதுக்குத்தானுங்க ரோடு வரைக்கும் ஓடுனேன். என்ற மொகத்தப் பாத்தா ஆகாதுன்னு அவரு வண்டிய வெரட்டிக்கிட்டுப் போனாரு. டீக்கடையில கேளுங்க." டீக்கடைக்காரர் கேட்காமலேயே வந்து நின்றார். "ஆமாங்க. அம்மிணி ஓடுச்சுங்க. வண்டி நிக்கலீங்க" என்றார். அவருக்கு அதைச் சொல்லும்போது சிரிப்பு வேறு.

யாரை அனுப்புவது என்று முதலாளி சுற்றும் முற்றும் பார்த்தார். மச்சினன் நான் போகிறேன் என்று கையை நீட்டினான். நான் பையைக் கொடுக்கவில்லை. "என்ற கையிலிருந்துதான் டிரைவர் கைக்குப் போகணும். அதுதானுங்க நீங்க வெச்ச மொற. நானே போறேன்." முதலாளிக்கு என்ன தோன்றியதோ, போ என்றார். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு சேலம் பஸ் ஏறினேன். சேலத்தில் மாறி ஓசூர் பஸ். தொப்பூர்க் கணவாய் வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடவில்லை. என் வீட்டுக்காரர் வண்டி கவிழ்ந்த அந்த வளைவைப் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் இப்படிப் பையைக் கட்டிக்கொண்டு போகிறவளைப் பார்த்துக் கேலி பண்ணிச் சிரித்திருப்பார். எனக்குத் தாங்க முடியாத ஏக்கமாக இருந்தது, அதோடு முதல் தடவையாகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நான் போய்ச் சேரும்போது பிற்பகல். ரோட்டோரப் புளியமரத்தடியில் நம் வண்டி நிற்கிறது, பெரிய டிரைவர் அதன் நிழலில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் நேராகப் போய் அவருக்கு எதிரே நின்றேன். அவர் எழுந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தார்.

"எங்கீங்க போகட்டும்? அக்கட்டாலயா, இக்கட்டாலயா?" என்றேன்.

அவர் ரெண்டு கையையும் நீட்டினார். பையை அதில் வைத்தேன். எத்தனையோ தடவை என் மேசையிலிருந்து அந்தப் பையை எடுத்துப் போயிருக்கிறார். என் கையிலிருந்து வாங்கியது அன்றைக்குத்தான். அதிகாரி காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகச் சொன்னார். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். நான் வண்டிக்கு நேர் முன்னால், பம்பருக்கு எதிரே நின்றேன். அவர் சாவியில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் பண்ணுன பொறவுதான் நவுருவேன்" என்றேன்.

வாயில் சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ணினார். நான் நாலு எட்டு தள்ளி வழி விட்டேன். வண்டி போனது. பம்பாய்க்குப் போய், இறக்கி, நின்ற இடத்திலேயே திரும்புலோடு கிடைத்து, வழியில் ஒரு பஞ்சர்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. பெரிய டிரைவர் டீக்கடையில் என்ன சொன்னாரோ, நான் ஒரே வாரத்தில் ராசிக்காரி ஆகிவிட்டேன். நேற்று வரைக்கும் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினவர்கள் இன்றைக்கு, "அம்மிணி, சித்தெ முன்னாடி வந்து நில்லுங்க, தூரத்து லோடு" என்கிறார்கள். ஒருத்தர் தன் புது வண்டிச் சாவியை என் கையால் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த ராசி எத்தனை நாளைக்கு?

ஆயுத பூசை வந்தது. வண்டிகளையெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டிரைவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், என் மாமியார், என் மகள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலாளி தட்டில் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்த வருசம் பழம் அம்மிணி கையால வெக்கட்டும். நம்ம ஆபீசுக்கு மகாலட்சுமி நீதான் சாமி" என்றார். மாமியார் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். தாலியறுத்தவளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்? வாங்கிக்கொள் என்று சுற்றி நின்ற முகமெல்லாம் சொன்னது.

"வேண்டாமுங்க" என்றேன்.

முதலாளி கை அப்படியே நின்றது. ஏன் சாமி என்று கேட்டார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நாக்கு மட்டும் எப்போதும்போல் இருந்தது. "இன்னிக்கு ராசிக்காரின்னு முன்னாடி நிறுத்தறீங்க. நாளைக்கு ஒரு டயர் வெடிச்சா மறுபடியும் அந்த ரூமுக்குப் போகணும். நான் ராசிக்காரியும் இல்லீங்க, ராசி கெட்டவளும் இல்லீங்க. நான் உங்க கிளார்க்குங்க. என்ற மேசைய வாசலப் பாத்துப் போடுங்க. ஆம்பளக் கிளார்க்கு வந்தா என்ன சம்பளம் குடுப்பீங்களோ அதக் குடுங்க. எந்த வண்டியும் என்ற கையில பைய வாங்கிட்டுத்தான் கெளம்பணும், நல்லது நடந்தாலும் செரி, கெட்டது நடந்தாலும் செரி. பழத்த எப்பவும்போல நீங்களே வெய்யுங்க."

மச்சினன், "பாத்தீங்களா திமிர" என்றான். அதற்குப் பெரிய டிரைவர்தான் பதில் சொன்னார். "திமிரு என்னங்க திமிரு. அன்னிக்கு நான் மொகத்தப் பாத்திருந்தா பை கைக்கு வந்திருக்கும். பாக்க மாட்டேன்னு ஓடுனது நானு. அம்மிணி கேக்கறது ஞாயமுங்க முதலாளி." அவர் சொன்னதும் இன்னும் சிலர், ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "எழவு ஊட்டுல வேல கேட்ட புள்ள. அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, குனிந்து தானே பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தார். நிமிர்ந்ததும், "மேசையத் தூக்கி முன்னாடி போடுங்கப்பா" என்றார். டிரைவர்கள் பூசைக்கு உடுத்தின புதுத்துணியோடு உள்ளே போய் என் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அந்த நிமிஷம் ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

மேசை வாசலைப் பார்த்தே நின்றது. சம்பளமும் வந்தது. வெள்ளைச் சேலையை விட்டது தனிச் சண்டை, அது மாமியாரோடு. அதிலும் நான்தான் ஜெயித்தேன். எண்பதுகள் பிறந்து வண்டிகள் பெருகியதும் என் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டார்கள். அதில் உட்கார, டயர் வியாபாரம் செய்கிற ஒரு பாய் வீட்டுப் பெண்ணைக் கூட்டி வந்தேன். அவளுக்கு அந்தப் பின் ரூம் வெறும் தார்ப்பாய் ரூம்தான். அதில் நான் நின்ற கதையை அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் உள்ளுக்குள் ஒரு நாளுக்காகக் காத்துக்கொண்டே இருந்தேன். நான் முன்னால் நின்று அனுப்பின வண்டிக்கு ஏதாவது ஒன்று ஆகுமே, அந்த நாளுக்காக. ஆள் சேதம் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்வேன். சில்லறைப் பஞ்சர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசியில் அதுவும் வந்தது. காலையில் என் கையில் பை வாங்கிப் போன ஒரு புது டிரைவர் வெயில் ஏறும்போது பஸ்ஸில் திரும்பி வந்தார். "அக்கா, புதன்சந்தை தாண்டறதுக்குள்ள ஆக்சில் ஒடஞ்சு போச்சுங்க. மில்லுக்காரன் லோட அளவுக்கு மீறி அள்ளி ஏத்திட்டானுங்க. லோட மாத்தறதுக்கு வேற வண்டி அனுப்புங்க" என்றார்.

எதிரே டீக்கடையில் நாலைந்து டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தர் மில்லுக்காரனை வைதார். இன்னொருத்தர் எந்தப் பட்டறைக்குக் கொண்டு போவது என்று கேட்டார். என்னை யாரும் பார்க்கவில்லை. பெரிய டிரைவருக்கு அப்போது தலை நன்றாக நரைத்துவிட்டது. அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து வந்தார். "நான் எடுத்துட்டுப் போறேனுங்க அம்மிணி. பை குடுங்க. வடக்கயிறு ஒண்ணும் வேணும்."

பையைக் கொடுத்துவிட்டுக் கயிறு எடுக்கப் பின் ரூமுக்குப் போனேன். அதே தார்ப்பாய், அதே தூசி. கயிற்றை உருவினதும் மூக்கில் நார் ஏறித் தும்மல் வந்துவிட்டது, வேண்டுமென்று போட்டதல்ல. ஒத்தத் தும்மல். வெளியே அதே நொடியில் என்ஜின் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது. நான் கயிற்றோடு அப்படியே நின்று காது கொடுத்தேன். என்ஜின் அணையவில்லை. ஹாரன்தான் அடித்தது.

"அம்மிணி, அங்க என்ன பண்றீங்க, முன்னாடி வாங்க. நேரமாச்சு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றேன்.